திருப்பித் தரும் தேதி இல்லாத புத்தகங்கள்

கேள்வி: ஐயா, எனக்கு 39 வயது. திருவொற்றியூர் தேரடிப் பக்கம் வீடு. பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்குப் பார்க்கிறேன். வீட்டுக்காரருக்கு மணலியில் மூன்று ஷிப்ட் வேலை. பையன் எட்டாவது, பெண் ஐந்தாவது. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். 2016இல் ஒரு டைரியில் ‘படிக்க வேண்டியவை’ என்று எழுத ஆரம்பித்தேன். இப்போது அதில் 87 புத்தகங்கள். படித்து முடித்தது 11. ஜனவரி வந்தால் புத்தகக் கண்காட்சிக்குப் போய் வாங்கி வருவது மட்டும் நிற்கவில்லை, பரணில் இடமில்லை. ராத்திரி பத்தே முக்காலுக்குப் படுத்துப் புத்தகத்தைத் திறந்தால் இரண்டாவது பக்கத்திலேயே கண் சொருகிவிடுகிறது. “லிஸ்ட்டு எழுதுற நேரத்துல ரெண்டு புக்கு முடிச்சிருக்கலாம்ல” என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். டைரியைப் பார்த்தாலே கடன்காரனைப் பார்த்த மாதிரி இருக்கிறது. பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடலாமா? இல்லை, இந்த ஓட்டத்துக்கு நடுவில் படிக்க ஏதாவது வழி உண்டா? பட்டியலையும், என் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று விவரமாக எழுதிய தாளையும் இதோடு வைத்திருக்கிறேன்.
ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் என் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கரையில் நின்றுகொண்டு நீச்சல் சொல்லிக்கொடுத்த கதையாகிவிடும். 1984இல் மூர் மார்க்கெட்டில் அரைமணி நேரம் பேரம் பேசி, மூன்று ரூபாய்க்கு ஒரு தடித்த புத்தகம் வாங்கினேன். மறு வருடம் மார்க்கெட்டே எரிந்துபோனது. அந்த இடத்தில் ரயில்வே கட்டடம் வந்து, இன்றைக்கு உங்கள் பக்கத்து ஜனங்கள் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடிக்கிற நிலையமாகிவிட்டது. மார்க்கெட் போய் நாற்பது வருடம் ஆகிறது. புத்தகம் இன்னும் படிக்கப்படாமல் என் அலமாரியில் இருக்கிறது.

இத்தனைக்கும் நான் வடசென்னைக் கிளை நூலகங்களில் 31 வருடம் வேலை பார்த்தவன். புத்தகத்துக்கு நடுவிலேயே உட்கார்ந்திருப்பவன் படித்துத் தள்ளுவான் என்று எல்லோரும் நினைப்பார்கள். அல்வாக் கடைக்காரர் அல்வா தின்பதில்லை, அதே கதைதான். ரிட்டயர் ஆனதும் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று நானும் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். 2019இல் ஓய்வு பெற்றேன். முதல் ஆறு மாதத்தில் படித்தது நான்கே புத்தகம். பகல் முழுக்க நேரம் கொட்டிக் கிடந்தது. ‘சாப்பிட்டுவிட்டுப் படிக்கலாம்’, ‘பேப்பர் முடித்துவிட்டுப் படிக்கலாம்’ என்று தள்ளிப்போடவும் அந்த நேரமே வசதியாக இருந்தது.

ஆகவே, நேரம் இல்லாததால்தான் படிக்கவில்லை என்று நீங்கள் உங்களை நொந்துகொள்வது பாதிதான் சரி. மீதிப் பாதியை நூலக மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் கண்டுகொண்டேன். இரவல் புத்தகம் படிக்கப்படும். சொந்தப் புத்தகம் காத்துக்கிடக்கும். இதற்குப் பெரிய உளவியல் ஒன்றும் இல்லை. நூலகப் புத்தகத்துக்குள் ஒரு தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும். திருப்பித் தர வேண்டிய தேதியை அதில் ரப்பர் ஸ்டாம்பால் குத்திக்கொடுப்போம். எடுத்துப் போகிறவர் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஊதா மை கண்ணில் படும். பதின்மூன்றாம் நாள் ராத்திரி அடித்துப்பிடித்து முடித்து, மறுநாள் வந்து “ரெண்டு ரெண்டரைக்கெல்லாம் முடிச்சேன் சார்” என்று தூக்கக் கண்ணோடு நிற்பார்கள். காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தை யாரும் அப்படி முடிப்பதில்லை. அது எங்கே ஓடிவிடப்போகிறது?

உங்கள் பரணில் இருக்கும் ஒன்றுக்கும் தேதி கிடையாது. சிக்கல் அங்கே இருக்கிறது. ஆகவே முதல் வேலையாக ஆபீஸிலோ அக்கம்பக்கத்திலோ படிக்கிற பழக்கமுள்ள ஒருவரைக் கண்டுபிடியுங்கள். உங்களுடையதில் ஒன்றை அவரிடம் கொடுத்து, அவருடையதில் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு தேதியை இரண்டு பேரும் எழுதிக்கொள்ளுங்கள். இரவல் போன புத்தகம் திரும்பாது என்று பயமா? திரும்பாவிட்டால் பரணில் ஓர் இடம் காலி.

இன்னொன்று சொல்கிறேன், கேட்க விசித்திரமாக இருக்கும். பட்டியலில் உள்ள புத்தகம் பக்கத்துக் கிளை நூலகத்தில் இருந்தால், வீட்டில் சொந்தப் பிரதி இருந்தாலும் நூலகப் பிரதியை எடுத்து வாருங்கள். என்னிடம் அப்படிச் செய்த வாசகர் ஒருவர் இருந்தார். தன் வீட்டு அலமாரியில் இருக்கும் நாவலை எங்களிடம் வந்து எடுத்துப் போவார். “வீட்ல இருக்கறது சாமி மாதிரி சார், கும்புடத்தான் தோணுது” என்பார். நூலகத்துக்கு நீங்கள் ஏற்கெனவே காசும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். 1948இல் வந்த நூலகச் சட்டப்படி, சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி சேர்த்து வாங்கப்படுகிறது. வாடகை வீடாக இருந்தால் உங்கள் வீட்டுக்காரர்… மன்னிக்கவும், வீட்டு ஓனர் கட்டுகிறார்.

இப்போது பட்டியலுக்கு வருவோம். 87இல் 11 போக 76. முழுக்கப் படித்துப் பார்த்தேன். இதை எழுதியது ஒரு ஆள் இல்லை என்று தோன்றியது. முதல் இரண்டு பக்கத்தை எழுதியது முப்பது வயதில் கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி. குழந்தை வளர்ப்புப் புத்தகம் மட்டும் மூன்று இருக்கிறது. அந்தக் கைக்குழந்தை இப்போது ஐந்தாவது படிக்கிறாள். இனிமேல் ‘முதல் ஆறு மாதம் என்ன கொடுக்கலாம்’ என்று படித்து யாருக்கு ஆக வேண்டும்? நடுவில் வேறொருத்தி வருகிறாள். அரசு வேலைக்குப் பரீட்சை எழுதலாமா என்று யோசித்திருக்கிறாள், பங்குச் சந்தை கற்றுக்கொள்ளலாமா என்றும் பார்த்திருக்கிறாள். பிறகு 2020 ஊரடங்கு. உலக இலக்கிய மொழிபெயர்ப்புகள், ஒவ்வொன்றும் செங்கல் கனம், மளமளவென்று பதினாலு வருகிறது. அந்த மாதங்களில் எல்லோரும் இதைத்தான் செய்தோம். கடைசிப் பக்கத்துக்காரிதான் எனக்குப் பிடித்தவள். சொந்த ஊர்ச் சரித்திரம், பட்டினத்தார் பாடல்கள், சிறுகதைகள் என்று தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து எழுதியிருக்கிறாள்.

மற்றவர்கள் வாங்கிய கடனை இவள் ஏன் அடைக்க வேண்டும்?

நூலகத்தில் நாங்கள் புத்தகம் சேர்ப்பது மட்டுமில்லை, கழிக்கவும் செய்வோம். கிழிந்தது, காலாவதியானது, பத்து வருடமாக ஒருவர்கூடத் தொடாதது எல்லாவற்றையும் தனியாக எடுத்துவைத்து, பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு போடுவோம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு அந்தக் கோடு போடக் கை வராது. ஏதோ பாவம் செய்வது போலிருக்கும். கழித்த பிறகு பார்த்தால், அதே அலமாரியில் இத்தனை நாள் யாரும் பார்க்காத புத்தகங்கள் வெளியே போக ஆரம்பிக்கும். நெரிசல் குறைந்ததும் முகம் தெரிகிறது, அவ்வளவுதான்.

நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட் முடிந்து அவர் தூங்குகிற காலையாகப் பார்த்து, பரணில் இருப்பதையெல்லாம் கூடத்தில் இறக்குங்கள். ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தைப் படிக்காதீர்கள். முதல் பக்கத்தை எல்லோரும் நன்றாகத்தான் எழுதுவார்கள். மூன்றில் ஒரு பங்கு தாண்டி எங்காவது திறந்து, இரண்டு பக்கம் படியுங்கள். மூன்றாவது பக்கத்தைத் திருப்பக் கை தானாகப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். போகாதவற்றைத் தனியாக அடுக்கி, வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். பல பாகங்களாக உள்ளவற்றில் முதல் பாகத்தை மட்டும் பட்டியலில் வையுங்கள். இதற்கும் காரணம் தேதிச் சீட்டுதான். வேலை இல்லாத மதியங்களில் பெரிய நாவல்களின் சீட்டுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. முதல் பாகத்தில் சீட்டின் மேல் சீட்டு ஒட்டித் தடித்துப்போயிருக்கும். இரண்டாம் பாகத்தில் இரண்டு சீட்டு. மூன்றாவதில் ஒன்று, அதுவும் பாதி. வேடிக்கை என்னவென்றால் மூன்றாம் பாகத்துக்கும் ஐந்தாம் பாகத்துக்கும் அதிக வித்தியாசம் இருக்காது. மூன்றாம் பாகத்தைத் தொட்டவர்கள் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். தொடாதவர்களும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அவர்கள் வேறு புத்தகம் எடுத்துப் போனார்கள்.

‘மெதுவாகப் படிக்கிறேன்’ என்றும் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். பட்டியலில் 23ஆவதாக ‘பொன்னியின் செல்வன்’ இருக்கிறது, பக்கத்தில் ‘லீவில் ஒரே மூச்சில்’ என்று குறிப்பு வேறு. அந்தக் கதை கல்கி வார இதழில் 1950இல் தொடங்கி 1954இல்தான் முடிந்தது. அதன் முதல் வாசகர்களுக்கு அதைப் படிக்க மூன்று வருடத்துக்கு மேல் ஆயிற்று. வாரம் ஒரு துண்டு. பல வீடுகளில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அவர்களை யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை. ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்ற எண்ணமெல்லாம் பின்னால் நாமாகச் சேர்த்துக்கொண்டது. ஒரு மணி நேரத்தில் ஒரு புத்தகம் என்று வேகவாசிப்பு சொல்லித் தருகிறார்கள். அது உங்கள் ஆபீஸ் ஃபைலுக்கு உதவலாம், நாவலுக்கு வேண்டாம்.

எங்கள் தொழிலுக்கு இலக்கணம் எழுதியவர் எஸ்.ஆர். இரங்கநாதன், சீர்காழிக்காரர், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தவர். 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நூலகத்தில் இதற்கு அர்த்தம், கேட்ட புத்தகம் சட்டென்று கைக்கு வர வேண்டும் என்பதுதான். வீட்டுக்கும் அதுவே பொருந்தும். பரணில் இருக்கும் புத்தகத்தை எடுக்க ஸ்டூல் போட வேண்டும். ஸ்டூலின் மேல் அரிசி மூட்டை இருக்கும். போன் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்தப் பந்தயத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று கேட்கவே வேண்டாம்.

உங்கள் நாளை நீங்கள் எழுதிய அளவில் பார்த்தேன். காலை எட்டேகாலுக்குத் தேரடியில் மெட்ரோ ஏறுகிறீர்கள். உட்கார இடம் கிடைக்கிறது என்கிறீர்கள். உயர்நீதிமன்றம் வரை இருபது நிமிடம். புது வண்ணாரப்பேட்டை தாண்டினால் ரயில் மண்ணுக்குள் இறங்கிவிடும்; அதற்குமேல் ஜன்னலில் பார்க்க உங்கள் முகம்தான் இருக்கும். அந்த இருபது நிமிடம்தான் உங்களுக்கு ஒரு நாளில் கிடைக்கிற நல்ல நேரம். அதற்கு நல்ல புத்தகத்தையே கொடுங்கள். சாயங்காலம் நின்றுகொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிற நேரத்துக்கு அது சரிப்படாது. கைப்பையில் இருநூறு பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகத்தை வைக்காதீர்கள். தோள் வலித்தால் மூன்றாம் நாள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவீர்கள்.

எதில் ஆரம்பிக்கலாம் என்று என்னைக் கேட்டால், 61ஆவதாக உள்ள புதுமைப்பித்தன் கதைகள். ‘முழுத் தொகுப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் அது நகரவில்லை. அது ஒரு புத்தகம் அல்ல, நூற்றை ஒட்டிய தனித்தனிக் கதைகள். இன்றைக்கு ஒரு கதை படித்தால் இன்றைக்கு ஒன்று முடிந்தது, கணக்கு நேர். அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன; தடிப் புத்தகத்தைச் சுமக்க வேண்டாம், போனில் படிக்கலாம். முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, படிக்கும்போது ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். முதலில் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ படியுங்கள். கதை எங்கே ஆரம்பிக்கிறது தெரியுமா? பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற சந்தியில். நீங்கள் மெட்ரோவிலிருந்து மேலே ஏறிவந்து, ஆபீஸுக்குப் போகிற வழியில் இருக்கிற அதே பாரிமுனை. அங்கே ஓரமாக நின்றுகொண்டு, டிராமில் போய் மிஞ்சுகிற காசுக்கு வெற்றிலை போடலாமா, பஸ்ஸில் போய்க் காப்பி குடிக்கலாமா என்று ஒருவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். படித்த மறுநாள் அந்த முனையைக் கடக்கும்போது உங்கள் கண் அவரைத் தேடும்.

சாயங்காலத்துக்குப் பட்டினத்தார். ஒரு பாட்டு நாலு வரி. தேரடி வந்து இறங்குவதற்குள் இரண்டு தடவை படித்துவிடலாம். அவருடைய சமாதி உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், கடலோரமாக இருக்கிறது. ஒரு ஞாயிறு சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய், ஒரே ஒரு பாட்டைச் சொல்லிக் காட்டுங்கள். அவர்கள் கடலைப் பார்த்தாலும் பரவாயில்லை.

ராத்திரிப் படுக்கையை விட்டுவிடுங்கள். நாலே முக்காலுக்கு எழுந்தவளுக்குப் பத்தே முக்காலுக்குத் தூக்கம் வராமல் என்ன வரும்? அதைக் குற்றம் சொல்லாதீர்கள். படுத்துக்கொண்டு ஏதாவது பார்த்தே ஆக வேண்டும் என்றால், முன்பே படித்துப் பிடித்துப்போன புத்தகத்தை நடுவில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்தில் தூங்கினாலும் நஷ்டமில்லை, கதைதான் தெரியுமே.

அதைவிட ஏழரை மணியைப் பாருங்கள். பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து ‘எழுது, எழுது’ என்று சொல்லிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். குக்கர் விசில் வரும்வரை நீங்களும் ஒரு புத்தகத்தோடு அதே பாயில் உட்காருங்கள். முதல் வாரம் பெண் வந்து ‘என்னம்மா படிக்கிற’ என்று நூறு தடவை கேட்பாள். அப்புறம் பழகிவிடும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் கிடைத்தாலும் போதும்.

வீட்டுக்காரரின் ஷிப்ட் மாறும்போதெல்லாம் வீட்டு அட்டவணையே தலைகீழாகிறது, ‘தினமும் இத்தனை மணிக்கு’ என்று எதுவும் நிற்பதில்லை என்று சொல்லியிருப்பது நியாயம். மணலி, எண்ணூர் பக்கத்து வாசகர்கள் எல்லோருமே இதைச் சொல்வார்கள். அவர்களுக்கு நான் சொன்னது, கடிகாரத்தை விடுங்கள், வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த ஷிப்டாக இருந்தாலும் மாறாத வேலைகள் சில உண்டு. உங்களுக்கு ரயில் ஏறுவது, குக்கர் வைப்பது. உங்கள் வீட்டுக்காரருக்கும் ஏதாவது இருக்கும். கம்பெனி பஸ் வருவதற்குக் காத்திருப்பாரே. கிண்டல் செய்கிறவர் கையில் ஒரு சின்னப் புத்தகத்தைத் திணித்துப் பாருங்கள்.

மாமியார் விஷயத்தில் நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: ‘அவர் முன்பெல்லாம் தொடர்கதை படிப்பார், இப்போது கண் புரை, சீரியல்தான்.’ எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. உங்கள் பட்டியலில் 23ஆவதாக உள்ள ‘பொன்னியின் செல்வனை’ அவருக்குப் படித்துக்காட்டுங்களேன். சாப்பாடு முடிந்து, சீரியலுக்கும் சீரியலுக்கும் நடுவில், ஒரு அத்தியாயம். உரக்கப் படிக்கும்போது தூக்கம் வராது. கேட்கிறவர் எதிரில் இருக்கிறார். நிறுத்தவும் முடியாது, மறுநாள் ‘அப்புறம் என்னாச்சு?’ என்று கேட்பார். அதைவிடக் கண்டிப்பான தேதிச் சீட்டு உலகத்தில் இல்லை. நம் வடசென்னைக்கு இது புதிதும் அல்ல. மில் தொழிலாளிகள் காலத்தில் டீக்கடைகளிலும் படிப்பகங்களிலும் ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்க, எழுத்துத் தெரியாதவர்கள் கேட்டே அரசியல் பேசினார்கள். காதால் கேட்டால் அது படித்ததாகுமா என்று சிலர் இழுப்பார்கள். காய் நறுக்கிக்கொண்டே ஒலிப்புத்தகம் கேட்பதையும் குறை சொல்வார்கள். கேட்டுப் பழகிய ஜனம் நாம். தாராளமாகக் கேளுங்கள்.

கணக்கு வேண்டுமென்றால் சொல்கிறேன், கணக்குப் பார்க்கிறவர் என்பதால் கேட்பீர்கள். நாளைக்குப் பத்துப் பக்கம். காய்ச்சல், கல்யாணம், பிள்ளைகளின் பரீட்சை எல்லாம் போக வருடத்துக்கு 300 நாள். மொத்தம் 3,000 பக்கம். இருநூறு பக்கப் புத்தகம் என்றால் பதினைந்து. கழித்துக்கட்டிய பிறகு பட்டியலில் நாற்பது மிஞ்சினால், மூன்று வருடம்கூட ஆகாது. இதைச் சுவரில் எழுதி ஒட்டாதீர்கள். ‘இந்த வருடம் ஐம்பது புத்தகம்’ என்று சபதம் போடுகிறவர்கள் கடைசியில் ஒல்லியான புத்தகமாகத் தேடி எடுப்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். டிசம்பரில் கவிதைத் தொகுப்புகளுக்குத் தனிக் கிராக்கி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜார்ஜ் டவுன் பக்கத்துக் கிளை ஒன்றில் இருந்தேன். கொத்தவால்சாவடியில் மூட்டை தூக்குகிற ஒருவர் தினமும் பத்தரை மணிக்கு வருவார். காலை வியாபாரம் முடிந்து, அடுத்த லோடு வருவதற்குள் இருபது நிமிடம். தலைத்துண்டை உதறி, கையைத் துடைத்துக்கொண்டு, ஒரே புத்தகத்தைத்தான் எடுப்பார். எழுநூறு பக்கத்துக்குமேல் உள்ள நாவல். உறுப்பினராகி வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்றேன். “வூட்ல ஏது சார் எடம், பசங்க கிய்ச்சிடும்” என்றார். ஒரு நாள் இருப்புப் பார்க்கும்போது நாவல் வரிசையில் அந்தப் புத்தகத்தைக் காணோம். தேடினால், யாரும் போகாத விவசாய அலமாரியில், உர நிர்வாகப் புத்தகங்களுக்குப் பின்னால் நிற்க வைத்திருக்கிறது. உள்ளே அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட். மறுநாள் கேட்டதற்குத் தலையைச் சொறிந்தார். “எவனாவது எட்துனு பூட்டா நா இன்னா சார் பண்றது?” விதிப்படி நான் அதை அதனதன் இடத்தில் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. பத்து மாதம் அந்த நாவல் உரத்துக்குப் பின்னாலேயே இருந்தது. பஸ் டிக்கெட் நகர்ந்துகொண்டே போனதை நான் வாரம் ஒருமுறை பார்ப்பேன். சில வாரம் முப்பது பக்கம், சில வாரம் நாலு. முடித்த அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை நாவல் வரிசையில் சரியான இடத்தில் அவரே வைத்துவிட்டு, “வேற இன்னா சார் இருக்குது?” என்றார். 1996இல் சந்தை கோயம்பேட்டுக்குப் போனபோது அவரும் போய்விட்டார்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்ட வண்டிக்காரர் போல, கிடைக்கிற இடைவெளியை வைத்துத்தான் அவரும் படித்தார். நான் கவனித்தது இரண்டு விஷயம். புத்தகம் எங்கே இருக்கிறது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அடுத்து எது என்ற யோசனையே அந்தப் பத்து மாதமும் அவருக்குக் கிடையாது. உங்கள் 76ஐயும் டைரியிலேயே விட்டுவிட்டு, ஒன்றே ஒன்றைக் கைப்பைக்கும் இன்னொன்றைக் கூடத்துக்கும் கொண்டுவாருங்கள். மற்றவற்றுக்கு உரத்துக்குப் பின்னால் ஓர் இடம் பார்த்து வையுங்கள்.

ஜனவரியில் நந்தனம் புத்தகக் கண்காட்சிக்குப் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பத்து சதவீதக் கழிவும் மிளகாய் பஜ்ஜியும் எனக்கும் வேண்டியிருக்கிறது. டைரியை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். போன வருடம் எத்தனை முடித்தீர்களோ, அதில் பாதி வாங்குங்கள். ஆறு முடித்திருந்தால் மூன்று. பை நிரம்பினால்தான் போய்வந்த திருப்தி என்றால், பிள்ளைகளுக்கு வாங்கி நிரப்புங்கள்.

பட்டியலைத் தூக்கிப் போட வேண்டாம். கோடு மட்டும் போடுங்கள், சிவப்பு மையில். முதல் கோட்டை நானே போட்டு அனுப்பியிருக்கிறேன். 19ஆவது எண்ணில் இருப்பதும் 58இல் இருப்பதும் ஒரே நாவல். ஓர் இடத்தில் ஆசிரியர் பெயர் இருக்கிறது, இன்னோர் இடத்தில் விட்டிருக்கிறீர்கள். ஆக 76 இல்லை, 75.